மாமா வைத்த பச்சைப் பொட்டு

மார்ச் 4

மாமா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். உங்கள் இணைய வளையத்தில் எழுதலாம் என்றால், போன வாரம் என்னை அதிலிருந்தே தூக்கிவிட்டீர்கள். அதனால்தான் காகிதம். இதை நீங்கள் அணைத்துவைக்க முடியாது.

அம்மாவின் கண்ணைப் பற்றி எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: அந்தச் சொட்டுமருந்து விற்கிற இணையதளத்துக்கு எதைப் பார்த்துப் பச்சைப் பொட்டு வைத்தீர்கள்?

நீங்கள் ஆரம்பித்த 'நம்மாளுங்க வளையம்' நல்ல யோசனைதான். இணையத்தில் எவன் யோக்கியன், எவன் ஏமாற்றுக்காரன் என்று தெரியாமல் முழிக்கிற நம் ஜனங்களுக்கு, நம்பிக்கையான ஒருத்தர் தளத்தைப் பார்த்துவிட்டுப் பச்சையோ மஞ்சளோ சிவப்போ ஒரு பொட்டு வைக்கிறார்; கீழே இரண்டு வரி எழுதுகிறார். வளையத்தில் இருக்கிற யார் தேடினாலும் அந்தத் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் பொட்டு தெரிகிறது. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் ஓடலாம். சரி. ஆனால் பார்த்துவிட்டு வைக்க வேண்டும் மாமா. பார்த்துவிட்டு!

அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நானும் கூடத்தான் இருந்தேன். "இதுல போன பார்வை போனதுதான்மா, திரும்ப வராது. இந்தச் சொட்டை மட்டும் விடாம போடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். உங்கள் பச்சைத் தளமோ டாக்டர் மருந்தே தேவையில்லை என்கிறது. அம்மா டாக்டர் மருந்தைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டு இதை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கண் இரண்டும் பழுத்த மிளகாய். சீருடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்தே என்னைப் படிக்கவைத்தவள், இப்போது ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாள். அந்த அக்காதான் எனக்குப் போன் போட்டுச் சொன்னார், அம்மா சொல்லவில்லை.

நான் கத்தினால், "என் தம்பி பாக்காம வெப்பானா?" என்று போனை வைத்துவிடுகிறாள். அந்தத் தளத்துக்கு நான் சிவப்பு வைத்தேன். உங்கள் பச்சை மேலே நிற்பதால் என் சிவப்பு யார் கண்ணிலும் படவில்லை. ஏன் என்று வளையத்தில் கேட்டதற்குத்தான் என்னைத் தூக்கினீர்கள்.

உங்கள் கையால் அதைச் சிவப்பாக்குங்கள். அம்மா வேறு யார் பேச்சையும் கேட்கமாட்டாள்.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 9

அன்பும் பண்பும் அடக்கமும் இல்லாத மருமகளுக்கு,

தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். உன் கடிதத்தைப் படிக்கும்வரை இன்னும் நலமாக இருந்தேன்.

என்ன எழுத்து அது! யாரிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு வேண்டாமா? ஐந்து மாடி கார் நிறுத்தத்தின் வாகன நுழைவு அதிகாரி நான். நீயும் உன் அம்மாவும் அதைக் 'கூண்டில் உட்கார்ந்து கம்பை ஏற்றி இறக்குகிற வேலை' என்று சொல்வது எனக்குத் தெரியும். ஊரில் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் என் பச்சை விளக்கு எரியாமல் உள்ளே நுழைய முடியாது. போன மாதம் ஒரு நீதிபதி காருக்குள் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் விளக்கைக் காட்டினேன். இறங்கி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தானே என்கிற இளக்காரம் உனக்கு. நான் ஏன் நிறுத்தினேன்? அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்கு இல்லை. அவரே என் தோளில் கை வைத்து, "இனிமே நீ உலகத்துக்கிட்ட கத்துக்கப்பா" என்றார். கற்றுக்கொண்டேன். இன்றைக்கு வளையத்தில் நம் சொந்தக்காரர்கள், அவர்களுக்குச் சொந்தக்காரர்கள், கார் ஓட்டுகிறவர்கள், எதிரே உள்ள வங்கியின் மேனேஜர் வரைக்கும் என் பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு தளத்தைத் தொடுகிறார்கள். பொட்டு சேவை நடத்துகிற கம்பெனியே எனக்குத் 'தங்கக் கண்' பட்டம் கொடுத்திருக்கிறது. என் பெயருக்கு முன்னால் மஞ்சளாக ஒரு கண் மினுமினுக்குமே, அதுதான். நம் வளையத்தில் அது ஒருத்தனுக்குத்தான். ஏன் கொடுத்தார்கள்? வைத்த பொட்டை நான் ஒருமுறைகூட மாற்றியதில்லை. மாற்றினால் பட்டம் போய்விடும், அதுதான் சட்டம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பொட்டு வைக்கிறவன் இல்லை நான்.

சொட்டுமருந்துத் தளத்தை எதைப் பார்த்து வைத்தேன் என்று கேட்கிறாயே, கேட்டுக்கொள். நேரிலேயே போய்ப் பார்த்தேன்! நீ அந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்த அன்று உன் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தேன் இல்லையா? உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு நேரே அங்கேதான் போனேன். ஏழு வாசல். தரையெல்லாம் மார்பிள், குனிந்தால் முகம் தெரிகிறது. வரிசையாக வெள்ளைக் கோட்டு, வாயில் துணி, தும்மினால்கூட வெளியே போய்த்தான் தும்ம வேண்டுமாம். தலைமை டாக்டரம்மா என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது மனுஷக் கண்ணே இல்ல, கழுகுக் கண்ணு" என்றார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்த பிறகுதான் பச்சை வைத்தேன்.

உன் அம்மா என் கூடப் பிறந்தவள். அவள் கண்ணைப் பற்றி உன்னைவிட எனக்கு அக்கறை உண்டு. சிவப்பு இருப்பது மருந்து வேலை செய்கிறதற்கு அடையாளம். தளத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

சபையில் என்னைக் கேள்வி கேட்டதற்கு மன்னிப்பு எழுது. வளையத்தில் மறுபடி சேர்ப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.

உன் தாய்மாமன் (தங்கக் கண்)


மார்ச் 15

மாமா,

மன்னிப்பா? இருங்கள், தருகிறேன்.

அந்தச் சொட்டுமருந்துப் புட்டியில் அச்சடித்திருக்கிற விலாசம் என் ஹாஸ்டலிலிருந்து இரண்டு பஸ் தள்ளித்தான். நேற்று ஷிப்ட் முடிந்து போனேன். உங்கள் ஏழு வாசலைப் பார்க்க எனக்கும் ஆசை.

கீழே டயர் கடை. பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே ஒரே ஒரு கதவு. அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை. பனியன் போட்ட ஒரு ஆள் உட்கார்ந்து புட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒட்டியது கண்ணுக்கு. அந்தப் பக்கம் ஒட்டியது முடி வளர. இரண்டும் ஒரே மாதிரிப் புட்டி மாமா. மூலையில் கிடந்தது ஒரே கேன்.

"மருந்து எங்கண்ணே செய்யறாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நிரப்பறது வேற ஆளு. நான் ஒட்டறதோட சரி."

"டாக்டரம்மா இருக்காங்களா?"

அவர் சிரித்தே விட்டார். "டாக்டரா? எனக்கே முதுகுவலி, எங்கேன்னு தேடிட்டிருக்கேன்."

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் என்ன பதில் போட்டாள் தெரியுமா? "உங்க மாமா போனப்ப மார்பிள் இருந்திருக்கும். இப்ப இடம் மாத்தியிருப்பாங்க." நீங்கள் கயிறு திரிப்பது போதாதென்று அவள் அதற்கு முடிச்சுப் போட்டுக்கொடுக்கிறாள்!

நான் பெயிண்ட் கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லாரிடமும் 'விஞ்ஞானி' என்று சொல்லித் திரிகிறீர்கள். விஞ்ஞானி இல்லை. ஒவ்வொரு டிரம்மாக மூடியைத் திறப்பேன், குச்சியை அடிவரை விட்டுக் கலக்குவேன், ஒரு தகட்டில் பூசிக் காயவைத்துப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் 'பாஸ்' ஒட்டுவேன். மூடி திறக்காமல் ஒட்டினேன் என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சுவரில் அடிக்கிற பெயிண்டுக்கே அப்படி. நீங்கள் மூடியைத் திறக்காமல் அம்மாவின் கண்ணுக்குப் 'பாஸ்' ஒட்டியிருக்கிறீர்கள்.

ஜம்பம் அடியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீதிபதி அழுதாலும் சரி, அவர் பெண்டாட்டி அழுதாலும் சரி, எனக்கு என்ன? கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறோம். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

இந்த மாதம் சரக்கு அனுப்புகிற நெருக்கடி. லீவு கேட்டால் சூப்பர்வைசர் கடித்துக் குதறுகிறார். இல்லையென்றால் இந்நேரம் உங்கள் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றிருப்பேன்.

சிவப்பு வையுங்கள்.


மார்ச் 20

எடுத்தெறிந்து பேசுகிற மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த ஆத்திரத்தில் ஒரு காருக்குப் பதில் இரண்டு காரை உள்ளே விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு என் ரத்தத்தைக் கொதிக்கவைத்திருக்கிறாய்.

மாடிப்படியில் ஏறி ஒரு அறையைப் பார்த்துவிட்டு உலகத்தையே பார்த்துவிட்டதாகப் பேசுகிறாயே! நீ பார்த்தது பின்பக்கம். எந்தக் கம்பெனிக்கும் முன்பக்கம் என்று ஒன்று உண்டு. நான் போன வழி வேறு. காவல்காரன் சல்யூட் அடித்துக் கூட்டிக்கொண்டு போனான். உன்னைப் போல டயர் கடைக்காரனிடம் வழி கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்குப் பனியன் போட்ட ஆளைத்தான் காட்டுவார்கள்.

அவர்கள் எப்பேர்ப்பட்ட மரியாதைக்காரர்கள் தெரியுமா? பச்சை வைப்பதற்கு முந்தின நாள் எனக்கென்றே தனியாக எழுதினார்கள். 'மதிப்பிற்குரிய தங்கக் கண் ஐயா அவர்களுக்கு' என்று! அதற்கப்புறம், 'தங்களைப் போன்ற பெரியவரின் ஒரு பொட்டு எங்களுக்கு ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம்' என்று! நம் வீட்டில் யாராவது ஒருநாள் என்னை 'அவர்கள்' போட்டு எழுதியிருக்கிறீர்களா? உன் அப்பா உயிரோடு இருந்தவரை என்னை "கம்புக்காரன் வந்துட்டான்" என்றுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தேன். எல்லாம் இங்கே இருக்கிறது, நெஞ்சுக்குள்.

இப்போது நீயும் சொல்கிறாய், மூடி திறக்காமல் பாஸ் ஒட்டினேன் என்று. சரி. நானும் ஒரு புட்டி வரவழைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலையில் டிரைவர்கள் எல்லாரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு என் கண்ணில் நானே ஊற்றிக்கொள்ளப் போகிறேன். கழுகுக் கண்ணுக்கு என்ன ஆகிறதென்று ஊரே பார்க்கட்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் நீ வந்து கூண்டுக்கு முன்னால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்க வேண்டும். நீதிபதியே கேட்டார், உனக்கென்ன?

தாய்மாமன் (தங்கக் கண், இன்னும்)


மார்ச் 23

மாமா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், திங்கட்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்று. ஊற்றாதீர்கள். வேண்டாம். பந்தயத்தில் நானே தோற்றுப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. முந்தின நாள் எழுதினார்களா? மறுநாள் பச்சை வைத்தீர்களா? நீங்கள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது அதற்கெல்லாம் ரொம்ப நாள் முந்தி மாமா. அப்போது அந்தத் தளமே கிடையாது. ஒரு 'ஐயா அவர்களுக்கு' போதும், உங்கள் அக்காவின் கண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அப்பா உங்களைக் கம்புக்காரன் என்றது தப்புத்தான். அதற்கு அம்மா என்ன செய்வாள்? அவள்தானே இரண்டாவது தடவை சோறு போடுவாள் உங்களுக்கு.

நேற்று அம்மா போனில் பேசினாள். கதவு நிலையில் இடித்துக்கொண்டாளாம், வலது தோளில். "நிலைக்கதவு நகந்து வந்து இடிச்சிருச்சுடி" என்று சிரிக்கிறாள். நீங்கள் கூடப் பிறந்தவர்கள் என்பது இப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிகிறது.

உங்கள் கண்ணும் போனால், பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்குத் தெம்பு இல்லை. புட்டியைக் குப்பையில் போடுங்கள்.


ஏப்ரல் 7

மருமகளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கண்ணில் கட்டு. ஒற்றைக் கண்ணால் இவ்வளவு நேராக எழுதுகிற ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

உன் கூரியர் திங்கட்கிழமை சாயங்காலம் வந்தது. நான் காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், மற்றவன் வாயால் நீ கேட்க வேண்டாம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். ஆயிரம் பேர் இருக்கும். சரி, ஒரு ஆறேழு டிரைவர், கூட்டுகிற அம்மா. தலையை அண்ணாந்து இடது கண்ணில் இரண்டு சொட்டு விட்டேன். முதலில் குளுகுளுவென்றுதான் இருந்தது. "பாத்தீங்களா!" என்று கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. யாரோ அடுப்புக் கங்கை எடுத்துக் கண்ணுக்குள் வைத்த மாதிரி. வலியில் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் தட்டியதில் கம்பு இறங்கி எங்கள் மேனேஜர் காரின் மூக்கில் உட்கார்ந்துவிட்டது. அவர் கத்துகிறார், நான் கத்துகிறேன், கார் கத்துகிறது.

கூட்டுகிற அம்மாதான் ஒரு குடம் தண்ணீரை முகத்தில் கொட்டிக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எப்படித் தெரிந்ததோ, அக்கா ஓடி வந்தாள். அவசரத்தில் செருப்பு இரண்டு காலுக்கும் இரண்டு விதம். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பி அவளைப் பார்த்தார். "நீங்க என்னம்மா, இதே கோலத்துல வந்திருக்கீங்க?" என்று அவளையும் என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்.

புட்டியை முகர்ந்து பார்த்தார். "இது தலைக்குத் தேய்க்கறதா, கண்ணுக்கா? இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள், "என் தம்பி. நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் சொன்னான்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உள்ள போய்ப் பாத்தியாடா?"

மருமகளே, என் வாய்க்குள் ஏழு வாசலும் இருந்தது. மார்பிள் இருந்தது, வெள்ளைக் கோட்டு இருந்தது, அந்த டாக்டரம்மாகூட இருந்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

எனக்குச் சரியாகிவிடும் என்கிறார்கள். அவளுக்கு இடது கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வலது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போனது போனதுதான். வலது பக்கம் நான் போய் நின்றால் அவளுக்கு நான் இல்லை. தொண்டையைக் கனைத்தால்தான் திரும்புகிறாள். சில சமயம் கனைத்தாலும் திரும்புவதில்லை.

ஜெயித்துவிட்டாய். சந்தோஷமா? உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, சொல்லிவிட்டேன். நீ இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த லேபிள்காரர்கள்மேல் வருகிற கோபத்துக்கு, கட்டு அவிழ்ந்ததும் உன் ஊருக்கு வந்து டயர் கடை மாடியைத் தலைகீழாகக் கவிழ்க்கிறேனா இல்லையா பார். பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. மூன்று புகார் எழுதி அனுப்பிவிட்டேன், விலாசத்தோடும் அக்காவுக்கு நீ அனுப்பிய படத்தோடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகச் சிவப்பு வைத்தேன். வைத்த அந்த நிமிஷமே பெயருக்கு முன்னால் இருந்த மஞ்சள் கண் மூடிக்கொண்டது. கீழே எழுதிய இரண்டு வரி இதுதான்: 'இந்தத் தளத்துக்கு நான் உள்ளே போய்ப் பார்க்காமல் பச்சை வைத்தேன். வாங்கியவர்கள் கண்ணில் விடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.' என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் எழுதியதில்லை. வளையத்தில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் அவரவர் வாங்கியதை எடுத்துக்கொண்டு என் கூண்டுக்கு வருகிறார்கள். வைத்த பச்சை ஒவ்வொன்றையும் இப்போது திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில தளங்கள் திறக்கவே இல்லை. ஒன்று செருப்புக் கடை என்று நினைத்து வைத்தது, பன்றிப் பண்ணையாம்.

உன்னை வளையத்தில் மறுபடி சேர்த்திருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அக்காவுக்கு டாக்டர் கொடுத்த பழைய சொட்டை மறுபடி ஆரம்பித்தாயிற்று. காலையும் மாலையும் நான்தான் போய் விடுகிறேன். வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் புட்டியைத் திறக்குமுன் லேபிளை முழுக்க வாய்விட்டுப் படிக்க வேண்டும். மருந்தின் பெயர், செய்த இடம், காலாவதி தேதி, கீழே எறும்பு எழுத்தில் இருப்பதுகூட. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். ஒரு வரி தாண்டினால் கண்டுபிடித்துவிடுகிறாள்.

நேற்று பொறுக்கமாட்டாமல், "அக்கா, காலைல படிச்ச அதே புட்டிதானே?" என்றேன்.

அவள் கண்ணை மூடி, முகத்தை மட்டும் அண்ணாந்து வைத்திருந்தாள்.

"படி" என்றாள்.

மாமா